மேமோகிராமில் ‘சந்தேகம்’... பயாப்ஸி வரையிலான நாள்களைக் கடப்பது எப்படி?

ரிப்போர்ட் கவரைப் பிரித்ததும் கண்ணில் படுவது கடைசி இரண்டு வரிகள்தான். ‘சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிகிறது. திசுப் பரிசோதனை தேவை.’ அதற்கு மேலே அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கும் எதுவும் மனதில் ஏறாது. ஸ்கேன் சென்டரிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது வரை மனம் ஓடிவிடும். சமையலறையில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட மறந்துபோகும்.

மார்பகப் பரிசோதனைக்குப் போய்வரும் பல பெண்கள் இந்த நாள்களைக் கடந்திருக்கிறார்கள். நோய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு வாரமோ, பத்து நாள்களோதான் மிகவும் படுத்தும்.

இந்தப் பயத்தை ‘சும்மா மனசுதான்’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அது முடிவெடுப்பதையே தடுத்துவிடும். ‘தீபாவளி முடியட்டும்’, ‘பொண்ணோட பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்’ என்று பயாப்ஸி தேதி தள்ளிப்போவதற்குப் பின்னால், பல நேரங்களில் வேலைப்பளுவைவிடப் பயமே இருக்கிறது. அதனால், கவலையைச் சமாளிப்பது மன ஆறுதலுக்கு மட்டுமல்ல. சரியான நேரத்தில் பரிசோதனைக்குப் போய்ச் சேர்வதற்கும் அவசியம்.

‘சந்தேகம்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

மேமோகிராம் ரிப்போர்ட்டின் முடிவில் ‘பைராட்ஸ்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி உருவாக்கிய தரவரிசை இது. உலகம் முழுவதும் ரேடியாலஜிஸ்ட்டுகள் இதைப் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 6 வரை எண்கள் உண்டு.

* 0 என்றால், இந்தப் படங்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இன்னும் சில படங்களோ அல்ட்ராசவுண்டோ தேவை. பழைய மேமோகிராமுடன் ஒப்பிட வேண்டியிருந்தாலும் 0 என்று போடுவார்கள். 
* 1 இயல்பானது. 2 என்றால் ஏதோ தெரிகிறது, ஆனால் அது சாதுவானது. 
* 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இல்லை. பொதுவாக, 6 மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். 
* 4 என்பதுதான் ‘சந்தேகத்துக்குரியது’. இங்கிருந்துதான் பயாப்ஸி பேச்சு தொடங்கும். 
* 5 என்றால் வாய்ப்பு 95 சதிவிகிதமோ அதற்கு மேலோ. 
* 6 என்பது, பயாப்ஸியில் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

இதில் 4 என்பது மிக அகலமான வகை. அதனால் அதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் வாய்ப்பு 2 முதல் 10 சதவிகிதம் வரை. 4பி என்றால் 10 முதல் 50 வரை. 4சி என்றால் 50 முதல் 95 வரை. அதாவது, 4ஏ என்று வந்த 100 பெண்களில் 90 பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ புற்றுநோய் இருக்காது. ஆனால் 4ஏ என்று வந்தவரும், 4சி என்று வந்தவரும் ரிப்போர்ட்டில் படிப்பது ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல்லைத்தான். இரண்டு பேரும் ஒரே அளவு பயத்துடன் வீடு திரும்புகிறார்கள்.

ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று மட்டும் இருந்தால், ‘இதில் ஏ-வா, பி-யா, சி-யா?’ என்று டாக்டரிடம் கேட்கலாம். எந்த எண்ணாக இருந்தாலும் அது படத்தைப் பார்த்துச் சொல்லும் கணிப்புதான். இன்ன நோய் என்று சொல்வது திசுப் பரிசோதனை மட்டுமே.

படத்தில் தெரிவதெல்லாம் புற்றுநோயா?

இல்லை. நார்க்கட்டி எனப்படும் ஃபைப்ரோஅடினோமா, நீர்க்கட்டி, எப்போதோ அடிபட்ட இடத்தில் கொழுப்புத் திசு இறுகிப்போவது, மார்பகத்தில் வரும் நாள்பட்ட அழற்சி, சுண்ணாம்புத் துகள்கள் எனப் பல விஷயங்கள் படத்தில் சந்தேகத்தைக் கிளப்பும். சில நேரங்களில் இயல்பான திசுக்களே ஒன்றின் மீது ஒன்று படிந்து கட்டிபோல் தெரிவதும் உண்டு. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதனால்தான் கூடவே அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் செய்யப்படும் மார்பக பயாப்ஸிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு புற்றுநோய் இல்லை என்றே முடிகின்றன. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. அங்கே எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள்கூட குறிப்பிட்ட வயதுக்கு மேல் தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே பலர் கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஸ்கேனுக்கே போகிறார்கள். அதனால், ‘அஞ்சுல நாலு பேருக்கு ஒண்ணுமில்லையாமே’ என்று பயாப்ஸியைத் தவிர்த்துவிடுவதும் தவறு. ரிப்போர்ட் வந்தவுடனே மனதளவில் சிகிச்சை வார்டில் போய்ப் படுத்துக்கொள்வதும் தவறு.

ரிப்போர்ட்டுக்கும் பயாப்ஸிக்கும் இடையே ஓரிரு வாரங்கள் ஆவதால் பொதுவாக நிலைமை தலைகீழாக மாறிவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, மார்பகத்தைத் தாண்டிப் பரவாத கட்டத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் 5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம், அதே வயதுள்ள மற்ற பெண்களுடன் ஒப்பிடும்போது 99 சதவிகிதத்துக்கு மேல். சீக்கிரம் தெரிந்துகொள்வதில் இருக்கும் லாபம் இதுதான்.

‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்கிறார்களே?

பயாப்ஸிக்குத் தேதி வாங்கியவரின் காதில் யாராவது ஒருவர் இதைப் போட்டுவிடுவார். ‘கட்டியைச் சீண்டக் கூடாது’, ‘ஊசி பட்டா உடம்பு முழுக்கப் பரவிடும்’ என்ற பேச்சு பல தலைமுறைகளாக இருக்கிறது. நோய் முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பயாப்ஸிக்குப் பிறகு இறந்துபோனதைப் பார்த்தவர்கள், ஊசிதான் காரணம் என்று நினைத்திருக்கலாம்.

ஊசி போகும் பாதையில் சில செல்கள் இடம்பெயர்வது உண்டு என்பதை மருத்துவர்கள் மறைப்பதில்லை. ஆனால், ஊசி பயாப்ஸி செய்துகொண்டதால் நோய் பரவி, பெண்களின் ஆயுள் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, எந்த வகைப் புற்றுநோய், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பயாப்ஸி இல்லாமல் சொல்ல முடியாது. நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் அதே பயாப்ஸிதான் வேண்டும்.

அந்த அறைக்குள் என்ன நடக்கும்?

பயத்தில் பாதி, என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. ‘ஆபரேஷன் மாதிரியா?’ என்ற கேள்வி பலருக்கும் உண்டு. இன்று பெரும்பாலும் செய்யப்படுவது ‘கோர் நீடில் பயாப்ஸி’. இதற்கு மயக்க மருந்து தேவையில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பல் பிடுங்கும்போது போடுவது போன்றதுதான். முதலில் சுருக்கென்று குத்தி, சில விநாடிகள் எரியும். பிறகு மரத்துவிடும்.

அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே டாக்டர், தோலில் மிகச் சிறிய கீறல் போட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியைக் கட்டி வரை செலுத்துவார். மாதிரி எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். முன்கூட்டியே தெரியாதவர்கள் திடுக்கிடுவது இந்தச் சத்தத்துக்குத்தான். ‘ஒரு தடவை சத்தத்தைக் காட்டிட்டுத் தொடங்குங்க டாக்டர்’ என்று கேட்பதில் தவறே இல்லை. அழுத்தம் தெரியும், கூர்மையான வலி தெரிந்தால் உடனே சொல்லலாம், இன்னும் கொஞ்சம் மரப்பு மருந்து போடுவார்கள். சேமியாத் துண்டு போன்ற மெல்லிய திசு மாதிரிகளைச் சில முறை எடுப்பார்கள். தையல் பொதுவாகத் தேவைப்படாது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அல்ட்ராசவுண்டில் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் என்றால், மேமோகிராம் இயந்திரத்தின் உதவியோடு எடுப்பார்கள். அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருக்கும். மாதிரி எடுத்த இடத்தில் அடையாளத்துக்காக எள் அளவில் ஒரு உலோக கிளிப் வைப்பதும் உண்டு. அது உள்ளேயே இருந்தாலும் தொந்தரவு தராது.

இரவு 2 மணிக்குத் தூக்கம் போனால்...

பகலில் வேலை ஓடிவிடும். வீடு அடங்கிய பிறகுதான் கவலை எழுந்து உட்காரும். கை தானாக போனைத் தேடும். ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் கூகுளில் போட்டால், மோசமான பதில்தான் முதலில் கண்ணில் படும். அந்த நேரத்தில் படிக்கும் எதையும் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவும் முடியாது. தேட வேண்டுமானால் பகலில், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடலாம். சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோவது அதைவிட நல்லது.

இன்னொரு பழக்கம், கட்டியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது. அழுத்தி அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். வலித்ததும் ‘நேத்து இல்லாத வலி இன்னிக்கு வந்திருக்கே’ என்று புதிய பயம் சேர்ந்துகொள்ளும். பரிசோதனை வரை கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

‘நினைக்காதே’ என்று மனதுக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. இதற்கு உளவியல் நிபுணர்கள் சொல்லும் வழி, கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரங்களில் கவலை வந்தால், ‘சாயங்காலம் 5 மணிக்குப் பார்த்துக்கலாம்’ என்று ஒரு வரி குறித்துவைத்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். 5 மணிக்கு உட்கார்ந்து, குறித்ததையெல்லாம் எடுத்துப் பார்க்கலாம். ‘லீவு எத்தனை நாள்?’, ‘இன்ஷூரன்ஸ் கார்டு எங்கே?’ போன்றவற்றுக்கு அப்போதே விடை தேடிவிடலாம். ‘ரிசல்ட் என்ன வரும்?’ என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. அதை அந்தத் தாளிலேயே விட்டுவிடலாம். படுக்கப்போகும் நேரத்தை இதற்கு ஒதுக்கக் கூடாது.

படபடப்பு கூடினால், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6. ஐந்து நிமிடம் போதும். காபி, டீயை மதியத்தோடு நிறுத்திக்கொள்வதும் தூக்கத்துக்கு உதவும். தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால், தனியாகச் சமாளிக்கக் கூடாது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்லலாம்?

சொற்கள் வலியைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும் என்பதை ரேடியாலஜிஸ்ட் எல்விரா லாங் தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ரேடியாலஜி அறையில் நடக்கும் சிகிச்சைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்தபோது, ‘இப்ப வலிக்கும், எரியும்’ என்று எச்சரிக்கப்பட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் அதிகமாக இருந்தன. 2006-ல் மார்பக பயாப்ஸிக்கு வந்த 236 பெண்களிடம் இன்னோர் ஆய்வு நடந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கு நேரம் போகப்போகப் பதற்றம் ஏறியது. பரிவோடு பேசி, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தபோது, பதற்றம் ஏறவில்லை. அதோடு மனதைத் தளர்த்தும் பயிற்சியும் சேர்ந்தபோது பதற்றம் குறைந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் 121 பெண்களிடம் நடந்து, 2016-ல் வெளியான ஆய்விலும், பயாப்ஸியின்போது இசையோ தியான வழிகாட்டலோ கேட்டவர்களின் பதற்றம் குறைந்திருந்தது. பிடித்த பாட்டைக் கேட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்பே அனுமதி கேட்கலாம்.

நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை; ஆனால் அது வெளிவரும் விதம்தான் சில நேரம் இடிக்கும். ‘ஒண்ணும் இருக்காது, சும்மா பயந்து சாகாதே’ என்றால் அவர் மேற்கொண்டு பேச வாயெடுக்க மாட்டார். ‘எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு...’ என்று தொடங்கும் கதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘அப்பவே உப்பு, எண்ணெயைக் குறைன்னு சொன்னேனே’ என்று பழி போடுவது இன்னும் மோசம்.

அதற்குப் பதிலாக, ‘பயமாத்தான் இருக்கும். நான் கூட வர்றேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?’ என்று கேட்கலாம். பயாப்ஸி அன்றைக்குச் சமையல் யார், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது யார் என்று கணவரும் மாமியாரும் முன்பே பேசி வைத்தால், அவர் தலையிலிருந்து ஒரு பாரம் குறையும். பல ஆண்கள் இந்த நேரத்தில் பேசாமல் ஒதுங்கிப்போவது அக்கறை இல்லாததால் அல்ல; அவர்களுக்கும் பயம். அதை ‘எனக்கும் பயமா இருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்துவிடலாம்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று பேர் போதும். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருமுறை போய்விட்டால், தினமும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வளர்ந்த பிள்ளைகளிடம் ‘ஒரு டெஸ்ட் இருக்கு, முடிவு வந்ததும் சொல்றேன்’ என்று சொல்வது நல்லது. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் கிசுகிசுப்பு அவர்களை இன்னும் பயமுறுத்தும்.

பயாப்ஸி அன்று

* முன் பட்டன் வைத்த மேலாடை, அல்லது மேல் பகுதியை மட்டும் கழற்றக்கூடிய உடை வசதி. 
* மார்பு, அக்குள் பகுதியில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். 
* பழைய மேமோகிராம், ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். 
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, மரப்பு ஊசி ஒவ்வாமை இருந்தாலும் சொல்ல வேண்டும். 
* சாப்பிட்டு வரலாமா என்பதை முன்தினமே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி என்றால், பொதுவாகப் பட்டினி தேவைப்படாது. 
* பிறகு துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமான உள்ளாடை இரண்டும் வலியைக் குறைக்கும். ஒரு நாளாவது தண்ணீர்க் குடம், மாவு வாளி போன்ற கனமான எதையும் தூக்கக் கூடாது. லேசாகக் கன்றிப்போவது சகஜம். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல், சிவந்து வீங்குவது, சீழ் என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ரிசல்ட் வரும் நாள்

திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்பதால் சில நாள்கள் ஆகும். கூடுதல் பரிசோதனைகள் கேட்டிருந்தால் இன்னும் தாமதமாகலாம். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை.

இப்போது பல லேப்கள் ரிப்போர்ட்டை நேரடியாக போனுக்கே அனுப்பிவிடுகின்றன. இரவு 9 மணிக்கு பிடிஎஃப் வந்து விழுந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. தனியாகத் திறப்பதில்லை, டாக்டர் முன்னால்தான் திறப்பது என்றோ, கணவரின் எண்ணுக்கு அனுப்பச் சொல்வது என்றோ வைத்துக்கொள்ளலாம். டாக்டரைப் பார்க்கும்போது இரண்டாவது ஆள் ஒருவர் கூட இருந்தால், அதிர்ச்சியில் காதில் விழாததையும் அவர் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

புற்றுநோய் இல்லை என்று வந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘படத்தில் பார்த்ததும் திசுவில் பார்த்ததும் ஒத்துப்போகிறதா?’ ஒத்துப்போகவில்லை என்றால் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். ஒத்துப்போனாலும், அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நல்ல செய்தி வந்த பிறகும் சிலருக்குப் படபடப்பு உடனே அடங்காது. மேமோகிராமில் சந்தேகம் வந்து, பிறகு ஒன்றுமில்லை என்று முடிந்த பெண்களுக்கு 3 ஆண்டுகள் கழித்தும் மனதில் அதன் தாக்கம் இருந்ததை, 2013-ல் வெளியான டென்மார்க் ஆய்வு காட்டியது. ‘அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன?’ என்று வீட்டில் கேட்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் உதவி.

புற்றுநோய் என்று வந்தாலும் அன்றைக்கே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எந்த வகை, எந்த நிலை, அடுத்து என்ன பரிசோதனை, இரண்டாவது கருத்து எங்கே கேட்கலாம் என்ற நான்கு கேள்விகள் முதல் நாளுக்குப் போதும். செலவைப் பற்றிய கவலை இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தன் குடும்பத்துக்கு எது கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு உதவி மையத்திலேயே கேட்கலாம். பரம்பரையாக மகளுக்கும் வருமோ என்ற பயம் தாய்மார்களை அதிகம் வாட்டும். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுவால் வருவது சுமார் 5 முதல் 10 சதவிகிதம்தான். அதையும் டாக்டரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

பயம் முழுவதும் போன பிறகுதான் பயாப்ஸிக்குப் போக வேண்டும் என்றால், யாராலும் போக முடியாது. கை நடுங்கினாலும் பரவாயில்லை. பக்கத்தில் ஒருவரை அழைத்துக்கொண்டு, குறித்த தேதியில் போய்ப் படுத்துவிட்டால் போதும்.